யார் அளந்த எண் இது?

2011 அக்டோபர் 12 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாண ஆளுநர் யூஹெய் சாடோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அந்த ஆண்டு மாகாணத்தில் விளைந்த அரிசியைத் தயங்காமல் சாப்பிடலாம் என்பது அதன் சாரம். அணு உலை விபத்து நடந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மாதிரி எடுத்துச் சோதித்து, எதிலும் கதிரியக்கம் வரம்பைத் தாண்டவில்லை என்று கண்ட பிறகே அவர் அப்படிச் சொன்னார். ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 16 அன்று, ஃபுகுஷிமா நகரின் ஓனாமி பகுதியில் விளைந்த அரிசியில் கிலோவுக்கு 630 பெக்கரல் கதிரியக்கச் சீசியம் இருப்பது தெரியவந்தது. அப்போதைய வரம்பு 500. அரசின் மாதிரிச் சோதனையில் அது சிக்கியிருக்கவில்லை. ஒரு விவசாயி தன் அரிசியைத் தானாகவே வேளாண் கூட்டுறவுச் சங்கத்துக்கு எடுத்துப்போய் அளந்து பார்க்கச் சொன்னார். அப்படித்தான் வெளியே வந்தது.

ஆளுநர் பொய் சொல்லவில்லை. மலையிலிருந்து இறங்கும் நீரில் பாய்ந்த வயல்கள் அவை. மண்ணில் பொட்டாசியம் குறைவு. அதனால் பயிர் சீசியத்தை எளிதாக உறிஞ்சிக்கொண்டது. இந்தக் காரணங்களெல்லாம் பிறகுதான் புரிந்தன. ஆனால் ஃபுகுஷிமா அரிசியை வாங்கலாமா வேண்டாமா என்று கடையில் நின்று யோசித்த ஒரு தாய்க்கு இந்த விளக்கம் எந்த வகையில் உதவும்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பாதுகாப்பானது என்றார்கள், பிறகு இல்லை என்று ஆனது.

அணு விபத்துக்குப் பின் உணவைப் பற்றி மக்கள் கொள்ளும் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நிபுணர்கள் பலரின் வழக்கம். ஃபுகுஷிமாவின் கதையை உன்னிப்பாகப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. அங்கே மக்கள் சீசியத்தைக் கண்டு அஞ்சிய அளவுக்கு, அதைப் பற்றிச் சொல்லப்பட்ட சொற்களைக் கண்டும் அஞ்சினார்கள். அந்த இரண்டாவது அச்சத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன.

முதல் சில நாள்களிலிருந்து தொடங்கலாம். 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு நிலநடுக்கம், அதையடுத்து ஆழிப்பேரலை, ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தின் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது, ஹைட்ரஜன் வெடிப்புகள் கட்டடங்களைப் பிளந்தன. மார்ச் 17 அன்று ஜப்பானிய சுகாதார அமைச்சகம் உணவுக்கான தற்காலிக வரம்புகளை அறிவித்தது. மார்ச் 19 அன்று ஃபுகுஷிமாவின் பாலிலும் பக்கத்து இபராகி மாகாணத்தின் பசலைக்கீரையிலும் வரம்பை மீறிய கதிரியக்கம் இருப்பதை அரசு வெளியிட்டது. இரண்டு நாளில் பாலுக்கும் கீரைக்கும் தடை வந்தது. மார்ச் 23 அன்று, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் டோக்கியோவின் கானாமாச்சி குடிநீர் நிலையத்தில், லிட்டருக்கு 210 பெக்கரல் அயோடின்-131 கண்டறியப்பட்டது. கைக்குழந்தைகளுக்குக் குழாய்நீரைக் கொடுக்க வேண்டாம் என்று மாநகர நிர்வாகம் சொன்னது. அன்று மாலைக்குள் கடைகளில் தண்ணீர் பாட்டில்கள் தீர்ந்துபோயின. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை உள்ள வீடுகளுக்கு நிர்வாகமே பாட்டில் தண்ணீர் வழங்கியது.

ஒரு நொடியில் ஓர் அணுக்கரு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். மிகச் சிறிய அலகு என்பதால் எண்கள் எப்போதும் பெரிதாகவே தெரியும். அறுபது கிலோ எடையுள்ள எந்த மனிதரின் உடலிலும் இயற்கையான பொட்டாசியம்-40 மட்டுமே சுமார் 4,000 பெக்கரல் இருக்கும். இந்த உண்மையைச் சொல்லித்தான் பல நிபுணர்கள் மக்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். ஆனால் உடலில் பிறந்தது முதல் இருப்பதையும், யாரோ ஒரு நிறுவனத்தின் தவறால் குழந்தையின் பாலில் வந்து சேர்வதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் கேட்பவர் மனம் கசக்காமல் என்ன செய்யும்? கணக்கு சரியாக இருந்தும் பேச்சு பிழையாகிப்போன இடம் அது.

பாலைப் பற்றிய அச்சம் கற்பனையும் இல்லை. அணு உலையிலிருந்து வெளியேறும் அயோடின்-131 புல்லில் படியும், பசு மேயும், பாலில் சேரும், அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்க் குவியும். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பற்றியபோது சுற்றுவட்டாரத்தில் சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பின் பாலை வாரக்கணக்கில் கொட்டி அழித்தார்கள். 1986-இல் செர்னோபிலில் சோவியத் அரசு அப்படிச் செய்யவில்லை. விபத்தையே முதல் சில நாள்கள் மறைத்தது. கிராமங்களில் குழந்தைகள் வழக்கம்போல் பால் குடித்தார்கள். 2005 வரை பெலாரூஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், விபத்தின்போது சிறுவயதில் இருந்தவர்களிடம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாகின. அவற்றில் பெரும்பங்கு பாலோடு தொடர்புடையது என்பதை ஐ.நா. அறிவியல் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஜப்பான் அந்தப் பாடத்தைக் கற்றிருந்தது. விபத்து நடந்து ஒரு வாரத்துக்குள் வரம்பு, பத்து நாளில் பால் தடை என்பது பெரிய காரியம். அயோடின்-131-இன் அரை ஆயுள் எட்டே நாள் என்பதால் முதல் சில வாரங்களில் காட்டிய எச்சரிக்கைதான் குழந்தைகளைக் காத்தது. ஐ.நா. குழுவின் 2021 அறிக்கை, ஃபுகுஷிமா மக்களிடம் கதிர்வீச்சை நேரடிக் காரணமாகக் காட்டக்கூடிய உடல்நலக் கேடு எதுவும் பதிவாகவில்லை என்று சொல்கிறது. லட்சக்கணக்கான சிறுவர்களுக்கு நுண்ணிய ஸ்கேன் செய்தபோது கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய்களுக்கு, அந்தச் சோதனையின் நுண்மையே காரணம் என்பது குழுவின் கருத்து. அதை ஏற்காத மருத்துவர்களும் ஜப்பானில் உண்டு.

ஆனால் அந்தத் தடைகளுக்கும் விலை இருந்தது. மார்ச் 23 அன்று ஃபுகுஷிமாவின் முட்டைக்கோஸும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. மறுநாள், சுககாவா பகுதியில் பல பத்தாண்டுகளாக இயற்கை முறையில் முட்டைக்கோஸ் பயிரிட்டுவந்த விவசாயி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அறுவடைக்குத் தயாராக வயல் நிறையப் பயிர் நின்றது. கதிர்வீச்சால் நேர்ந்த சாவுகளைத் தேடும் புள்ளிவிவரங்களில் அவர் எங்கும் வரமாட்டார்.

நம்பிக்கை எப்படிச் சிதைந்தது என்பதற்குச் சான்றுகள் நிறைய. கதிரியக்கப் புகை எந்தத் திசையில் போகும் என்று கணிக்க ஜப்பானிடம் ஸ்பீடி என்ற கணினி அமைப்பு இருந்தது. அதன் கணிப்புகள் உரிய நேரத்தில் மக்களை எட்டவில்லை. நாமியே நகரத்தார் கடற்கரையிலிருந்து தப்பி, வடமேற்கே மலைப் பகுதியான த்ஸுஷிமாவில் தஞ்சம் புகுந்தார்கள். புகையும் அதே திசையில்தான் வந்தது. அங்கே குழந்தைகள் வெளியில் விளையாடினார்கள். பெரியவர்கள் திறந்தவெளியில் சமைத்துச் சாப்பிட்டார்கள். நகரின் மேயர் தமோட்ஸு பாபா கடைசிவரை இதை மன்னிக்கவில்லை. எரிபொருள் உருகிவிட்டது என்பதை நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் ஒப்புக்கொண்டது மே மாதத்தில். உருகல் என்ற சொல்லையே தவிர்க்கும்படி அன்றைய நிறுவனத் தலைவர் ஊழியர்களிடம் சொல்லியிருந்தார் என்பது 2016-இல் வெளிப்பட்டது.

ஜூலையில் மாட்டிறைச்சி வந்தது. மினாமிசோமாவிலிருந்து டோக்கியோவுக்குப் போன மாடுகளின் இறைச்சியில் வரம்பைப் பல மடங்கு தாண்டிய சீசியம் இருந்தது. மாடுகள் தொழுவத்தில்தான் இருந்தன. அவற்றுக்குப் போட்ட வைக்கோல், விபத்துக்கு முன்பே அறுவடை முடிந்து வெளியில் கிடந்தது. அதன் மீது கதிரியக்கத் தூசி படிந்துவிட்டது. வைக்கோலை வெளியில் போடக் கூடாது, போட்டிருந்தால் தீவனமாக்கக் கூடாது என்ற எச்சரிக்கை எல்லா விவசாயிகளையும் போய்ச் சேரவில்லை. விசாரித்தால் அதே வைக்கோல் வேறு மாகாணங்களுக்கும் போயிருந்தது. அந்த மாடுகளின் இறைச்சி நாடு முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தது. டிசம்பரில் மெய்ஜி நிறுவனத்தின் குழந்தைப் பால்பவுடரில் கிலோவுக்கு 30.8 பெக்கரல் வரை சீசியம் இருந்தது. அன்றைய வரம்புக்கு வெகு கீழேதான். இருந்தாலும் நிறுவனம் நான்கு லட்சம் டப்பாக்களைத் திரும்பப் பெற முன்வந்தது. பவுடரை உலர்த்தச் சூடான காற்றைச் செலுத்தும்போது வெளிக்காற்றிலிருந்த சீசியம் உள்ளே வந்திருக்கும் என்பது நிறுவனத்தின் விளக்கம்.

கீரை, பால், தண்ணீர், இறைச்சி, அரிசி, பால்பவுடர் என்று ஒவ்வொன்றாக ஒரே ஆண்டில் வந்தன. அடுத்து எது என்று ஒரு குடும்பம் அஞ்சினால் அதில் என்ன அறியாமை இருக்கிறது?

2012 ஏப்ரல் 1 முதல் ஜப்பான் தன் வரம்பை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது. பொது உணவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல், பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50, குடிநீருக்கு 10. ஓராண்டில் உணவின் வழியே ஒருவருக்குச் சேரும் கதிர்வீச்சு ஒரு மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது, அதற்கு உள்நாட்டு உணவு முழுவதும் கறைபட்டிருக்கும் என்றே வைத்துக் கணக்கிடுவோம் என்பது அதன் அடிப்படை. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டல் அளவு 1,000. அமெரிக்காவில் 1,200. எனவே உலகிலேயே கடுமையான வரம்புகளில் ஒன்று ஜப்பானுடையது. இந்த முடிவு சரிதான். ஆனால் அதுவரை 500 பாதுகாப்பு என்று கேட்டுவந்தவர்களுக்கு, அப்படியானால் போன வருடம் நாங்கள் சாப்பிட்டது என்ன என்ற கேள்வி எழாமல் இருக்காது. நெருக்கடிகால வரம்பு வேறு, நீண்டகால வரம்பு வேறு என்பதை முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சொற்கள் தோற்ற இடத்தில் அளவைக் கருவிகள் வந்தன. ஃபுகுஷிமாவின் கதையில் வியப்பும் மதிப்பும் தோன்றும் பகுதி இதுதான். ஓனாமி அதிர்ச்சிக்குப் பின் மாகாணம் ஒரு முடிவெடுத்தது: இனி மாதிரி வேண்டாம், ஒவ்வொரு மூட்டையையும் அளப்போம். 2012 அறுவடையில் முப்பது கிலோ மூட்டைகள் ஒரு கோடிக்கும் மேல். அத்தனையும் மாகாணம் முழுவதும் நிறுவிய சுமார் 200 இயந்திரங்களின் கன்வேயர் பெல்ட்டில் ஏறி இறங்கின. ஒவ்வொரு மூட்டைக்கும் ஓர் ஒட்டுச்சீட்டு. அதிலுள்ள எண்ணைக் கொண்டு எவரும் இணையத்தில் அதன் முடிவைப் பார்க்கலாம். முதல் ஆண்டு 71 மூட்டைகள் 100 பெக்கரலைத் தாண்டின. அடுத்த ஆண்டு 28. அதற்கடுத்து 2. 2015 அறுவடை முதல் ஒன்றுகூட இல்லை. ஐந்து ஆண்டு பூஜ்யத்துக்குப் பிறகு, 2020 அறுவடையிலிருந்து பெரும்பாலான ஊர்களில் மாதிரிச் சோதனைக்குத் திரும்பினார்கள்.

இந்த எண்கள் தானாக இறங்கவில்லை. சீசியமும் பொட்டாசியமும் வேதியியலில் ஒரே குடும்பம். மண்ணில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் வேர் சீசியத்தை அதிகம் எடுப்பதில்லை. விவசாயிகள் ஆண்டுதோறும் பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாக இட்டார்கள். ஆழ உழுது மேல்மண்ணைக் கீழே தள்ளினார்கள். பீச் பழத் தோட்டங்களில், விபத்துக்குப் பின் வந்த முதல் குளிர்காலத்தில், ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவினார்கள். தாதே பகுதியின் பெருமையான உலர்ந்த பெர்சிமன் பழத்துக்கு இதைவிடக் கடினமான நிலை. பழம் காய்ந்து சுருங்கும்போது அதிலுள்ள சீசியத்தின் செறிவு கூடிவிடும் என்பதால் 2011-இல் அதன் உற்பத்தியே நின்றது. 2013-இல்தான் சில இடங்களில் மீண்டும் தொடங்கியது.

அரசுக்கு வெளியே நடந்த அளவீடு இன்னும் முக்கியம். ஃபுகுஷிமா நுகர்வோர் கூட்டுறவு சங்கம், உறுப்பினர் குடும்பங்களை அன்றாடச் சமையலில் ஓர் ஆளுக்கு அதிகமாகச் சமைக்கச் சொன்னது. இரண்டு நாள் சாப்பாடு, இடையில் கொறித்த தின்பண்டம், குடித்த தேநீர் எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முதலில் நூறு குடும்பங்கள். அவற்றில் பெரும்பான்மையான வீடுகளின் உணவில் கிலோவுக்கு ஒரு பெக்கரல் அளவுகூடச் சீசியம் தென்படவில்லை. பல குடும்பங்கள் உள்ளூர் அரிசியும் காய்கறியும்தான் சாப்பிட்டிருந்தன. சந்தையில் எடுத்த மாதிரியைப் பற்றிய அறிக்கையை நம்பாதவரும், தன் அடுப்பில் கொதித்த குழம்பைப் பற்றிய அறிக்கையைக் கேட்பார்.

இவாகி நகரில் 2011 நவம்பரில் தாய்மார்கள் சிலர் தாராச்சினே என்ற ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் யாரும் விஞ்ஞானி இல்லை. நன்கொடை திரட்டிக் கருவி வாங்கி, இயக்கக் கற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் காய்கறி, அரிசி, மண், தூசி எல்லாவற்றையும் அளந்தார்கள். பிறகு, அளப்பதற்கு மிகக் கடினமான ஸ்ட்ரான்சியம்-90, ட்ரிடியம் வரை போனார்கள். படகில் கடலுக்குச் சென்று நீரும் மீனும் எடுத்துவந்து சோதித்தார்கள். அச்சத்தை அவர்கள் கைவிடவில்லை. அதற்கு வேலை கொடுத்தார்கள். அணு ஆற்றலை ஆதரிக்கும் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் வெளியிட்ட கையேடுகளைவிட இந்த ஒரு கூடம் அந்த ஊருக்கு அதிகம் செய்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

டோக்கியோ பல்கலைக்கழக இயற்பியலாளர் ர்யூகோ ஹயானோவும் உடன் ஆய்வாளர்களும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உடலை முழுவுடல் கணிப்பானில் அளந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரும்பாலோரின் உடலில் கருவி கண்டறியக்கூடிய அளவுக்குச் சீசியம் இல்லை. கைக்குழந்தைகளுக்கென்றே படுக்கவைத்து அளக்கும் ஒரு கருவியையும் அவர் உருவாக்கினார். அறிவியல் கணக்குப்படி அது அவசியமில்லை. அதே சமையலைச் சாப்பிடும் தாயை அளந்தாலே போதும். ஆனால் பெற்றோர் கேட்டது குழந்தையை அளக்கச் சொல்லித்தான். அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்ததே அந்தக் கருவியின் பயன். இதே ஹயானோ பங்கேற்ற வேறோர் ஆய்வு, தாதே நகரத்தாரின் வெளிக் கதிர்வீச்சைப் பற்றியது, சம்மதம் தராதவர்களின் தரவையும் பயன்படுத்தியது தெரிந்து 2020-இல் திரும்பப் பெறப்பட்டது. உணவு பற்றிய அளவீடுகள் அதனால் பொய்யாகிவிடவில்லை. என்றாலும் மக்களின் உடலிலிருந்து எண் எடுப்பவர் அந்த மக்களுக்கு எவ்வளவு கடமைப்பட்டவர் என்பதை இந்தச் சறுக்கல் காட்டியது.

எண்கள் நன்றாகிய பிறகு அச்சம் என்ன ஆயிற்று? ஜப்பானிய நுகர்வோர் விவகார முகமை 2013 முதல் கருத்துக்கணிப்பு நடத்திவருகிறது. முதல் கணிப்பில் ஃபுகுஷிமா பொருளை வாங்கத் தயங்குவதாகச் சொன்னவர்கள் சுமார் 19 சதவீதம். பத்தாண்டில் அது 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. ஆனால் விலை அதே வேகத்தில் எழவில்லை. ஃபுகுஷிமா மாட்டிறைச்சியும் பீச் பழமும் நாட்டின் சராசரி விலைக்குக் கீழேயே நெடுங்காலம் விற்றன. மலைத்தொடருக்கு அப்பால், உலையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஐஸு பகுதியின் அரிசி சுவைத் தரவரிசையில் மேலிடம் பெறும் அரிசி. மாகாணத்தின் பெயர் ஒன்று என்பதால் அதுவும் விழுந்தது. கதிரியக்கத் தூசி மியாகி, தொச்சிகி, கும்மா மாகாணங்களிலும் விழுந்திருந்தது. அவற்றின் பெயர் உலகுக்குத் தெரியாது.

விலை எழாததற்கு நுகர்வோரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2011-இல் கடையின் அலமாரியிலிருந்து ஃபுகுஷிமா அரிசியை எடுத்தவர்கள், அந்த இடத்தில் வேறு மாகாணத்து அரிசியை வைத்துவிட்டார்கள். அது நன்றாக விற்றது. திரும்ப மாற்ற வணிகருக்கு எந்தக் காரணமும் இல்லை. ஃபுகுஷிமா அரிசியில் பெரும்பங்கு உணவகங்களுக்கும் ஆயத்த உணவு தயாரிப்பவர்களுக்கும் குறைந்த விலையில் போகத் தொடங்கியது. அங்கே ஊர்ப்பெயர் கண்ணில் படுவதில்லை. வாங்க மறுத்ததாக எண்ணிக்கொண்ட பலர் அதைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். விவசாயி இரட்டிப்பாக இழந்தார்: விலையும் போயிற்று, பெயரும் போயிற்று.

சாப்பிட்டு ஆதரவு காட்டுங்கள் என்று வேளாண் அமைச்சகம் நடத்திய பிரசாரத்தின் நோக்கம் நல்லது. விளைவு கலவையானது. உணவைத் தேர்ந்தெடுப்பது அங்கே நாட்டுப்பற்றின் சோதனையாக மாறியது. பள்ளி மதிய உணவில் உள்ளூர் அரிசி திரும்பியபோது, வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொடுத்த தாய் ஊரைக் காட்டிக்கொடுப்பவர் போலப் பார்க்கப்பட்டார். ஒரே வீட்டில் பாட்டி தோட்டத்துக் காய்கறியைத் தானும் தாத்தாவும் சாப்பிட்டுக்கொண்டு, பேரக்குழந்தைகளுக்குத் தூரத்து மாகாணத்துக் காய்கறியை வாங்கிச் சமைத்தார். வாங்காமல் இருக்கும் உரிமையை மதிக்காத எந்த ஆதரவும் சந்தேகத்தையே வளர்க்கும்.

காட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபுகுஷிமா மாகாணத்தில் சுமார் 70 சதவீதம் காடு. வீடுகளையும் வயல்களையும் சுத்தம் செய்தவர்களால் காட்டைச் சுத்தம் செய்ய முடியவில்லை. அங்கே இலைச்சருகிலும் மேல்மண்ணிலும் சீசியம்-137 சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் அரை ஆயுள் முப்பது ஆண்டு. காட்டுக் காளான், கோஷியாபுரா என்னும் மலைக்கீரை, காட்டுப்பன்றி இறைச்சி ஆகியவற்றில் அதன் அளவு இன்றும் வரம்பை மீறுகிறது; பல இடங்களில் தடை நீடிக்கிறது. வசந்தத்தில் மலைக்கீரை பறிப்பதும், இலையுதிர்காலத்தில் காளான் தேடிப்போவதும், கிடைத்ததை அக்கம்பக்கத்தில் பகிர்வதும் அந்த ஊர்ப் பெரியவர்களின் வாழ்க்கையே. அதற்குச் சந்தை விலை கிடையாது. ஆகவே இழப்பீட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது. செர்னோபில் தூசி விழுந்த வேல்ஸ் மலைகளில் ஆடு விற்பனைக் கட்டுப்பாடு 2012 வரை, 26 ஆண்டுகள் நீடித்தது. நார்வே, சாமி இனத்தாரின் கலைமான் வளர்ப்பைக் காக்க, 1986-லேயே கலைமான் இறைச்சிக்கான வரம்பைக் கிலோவுக்கு 6,000 பெக்கரலாக உயர்த்தியது. ஒரு சமூகத்தின் உணவு முறையைக் காப்பதா, அளவைக் காப்பதா என்ற கேள்விக்கு அங்கே வேறு விடை சொன்னார்கள்.

இனி கடல். விபத்துக்குப் பின் ஃபுகுஷிமா மீனவர்கள் தாங்களாகவே வலையை நிறுத்தினார்கள். 2012 ஜூனில் சோதனை முறையில், சீசியம் தென்படாத ஆக்டோபஸ், கடல் நத்தை வகைகளை மட்டும் பிடித்து விற்றார்கள். பிறகு ஒவ்வோர் இன மீனாகச் சேர்த்தார்கள். அரசின் வரம்பு 100 என்றால் மீனவர் சங்கம் தனக்கு 50 என்று வைத்துக்கொண்டது. 2021 பிப்ரவரியில் ஒரு கரும்பாறை மீனில் கிலோவுக்கு 500 பெக்கரல் இருந்தபோது அந்த இனத்தையே நிறுத்தினார்கள். நிலையத்தின் துறைமுகத்துக்குள் அடைபட்டுக் கிடந்த மீன்களில் எண்கள் இன்னும் பயங்கரம்: 2013-இல் ஒரு மீனில் 7,40,000 பெக்கரல், 2023 மே மாதத்தில்கூட 18,000. அந்த மீன்கள் வெளியே வராமல் வலை கட்டித் தடுக்கிறார்கள். கடலடியில் வாழும் மீன்கள் தவிரப் பெரும்பாலான மீன்களில் அளவு வேகமாக இறங்கியது.

பத்தாண்டு உழைத்து மீட்ட நம்பிக்கையின் மீதுதான் தொட்டி நீர் விவகாரம் விழுந்தது. உருகிய எரிபொருளைக் குளிர்விக்கும் நீரும், உள்ளே கசியும் நிலத்தடி நீரும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் 13 லட்சம் டன்னுக்கு மேல் குவிந்தன. வடிகட்டிய பின் மிஞ்சுவது ட்ரிடியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் மட்டுமே என்று டெப்கோ சொல்லிவந்தது. 2018-இல், தொட்டிகளிலுள்ள நீரில் சுமார் 80 சதவீதத்தில் மற்ற கதிரியக்கப் பொருள்களும் வரம்புக்கு மேல் இருப்பதை ஒப்புக்கொண்டது. 2015-இல் அரசும் டெப்கோவும் மீனவர் சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்த வாக்கு, சம்பந்தப்பட்டவர்களின் புரிதலைப் பெறாமல் இந்த நீரை அப்புறப்படுத்த மாட்டோம் என்பது. மீனவர்கள் கடைசிவரை எதிர்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 24 அன்று நீரைக் கடலில் விடத் தொடங்கினார்கள்.

அறிவியல் பக்கத்தைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. மறுபடி வடிகட்டி, ட்ரிடியம் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே வரும்வரை கடல்நீரோடு கலந்தே விடுகிறார்கள். உலக சுகாதார அமைப்பு குடிநீருக்குச் சொல்லும் வழிகாட்டல் அளவு 10,000. சர்வதேச அணுசக்தி முகமை ஆராய்ந்து, இந்தத் திட்டம் சர்வதேசத் தரங்களுக்கு உட்பட்டது என்றது. ட்ரிடியம் சீசியம்போல மீனுடலில் சேர்ந்து பெருகுவதில்லை. இயல்பாக இயங்கும் அணு உலைகளே, சீனாவிலும் தென் கொரியாவிலும் உள்ளவை உட்பட, ஆண்டுதோறும் பெருமளவு ட்ரிடியத்தைக் கடலில் விடுகின்றன. இருந்தும், நீரை விடத் தொடங்கிய அன்றே சீனா ஜப்பானிய மீன் இறக்குமதி முழுவதையும் நிறுத்தியது. ஹொக்கைடோவின் சிப்பி வணிகர்கள் வாடிக்கையாளரை இழந்தார்கள். ஃபுகுஷிமா உணவகங்களுக்குச் சீனாவிலிருந்து வசைத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. தென் கொரியாவில் சில வாரங்களுக்கு முன்பே மக்கள் உப்பை வாங்கிக் குவித்திருந்தார்கள். 2011-இல் சீனாவிலும் அப்படித்தான் நடந்தது. அக்கம்பக்கத்து அரசியல் இந்த அச்சத்தை ஊதிப் பெருக்கியது உண்மை. ஆனால் ஊதுவதற்கு நெருப்பு இருந்ததற்கு, காப்பாற்றப்படாத அந்த எழுத்து வாக்கும் ஒரு காரணம். கடலில் கலந்த ட்ரிடியத்தை அளந்துவிடலாம். மீனவரிடம் கொடுத்த வாக்கை மீறியதை எந்தக் கருவியாலும் நீர்த்துப்போகச் செய்ய முடியாது.

தமிழகத்துக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2011-இல் இடிந்தகரையில் கூடங்குளம் உலைக்கு எதிரான போராட்டம் பெருகியதற்கு ஃபுகுஷிமாவின் தொலைக்காட்சிக் காட்சிகள் ஒரு முக்கியக் காரணம். சுப. உதயகுமார் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் மீனவப் பெண்கள் திரும்பத் திரும்ப எழுப்பிய கவலைகளில் ஒன்று மிக எளிமையானது: உலைக்குப் பக்கத்தில் பிடித்த மீனை யார் வாங்குவார்கள்? அதற்குக் கிடைத்த பதில்களில் பெரும்பாலானவை உலையின் பாதுகாப்பைப் பற்றியவை. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி அளித்தபோதும் சந்தையைப் பற்றிய அந்தக் கேள்வி அப்படியே நின்றது. ஃபுகுஷிமா காட்டுவது என்னவென்றால், அந்தப் பெண்கள் கேட்டதே சரியான கேள்வி. விபத்தால் ஒரு மீனும் கறைபடாமல் போனாலும், வாங்குபவர் சந்தேகப்பட்டால் போதும், கரையில் அடுப்பு எரியாது.

இந்திய அணு மின் நிலையங்கள் ஒவ்வொன்றின் அருகிலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் உண்டு. மீன், பால், அரிசி, நீர் எல்லாவற்றையும் அவர்கள் அளக்கிறார்கள். நிபுணர்களின் திறமையில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அளப்பவரும் உலையை நடத்துபவரும் ஒரே துறையின் கீழ் இருக்கிறார்கள். அந்த எண்கள் மீன் ஏலம் நடக்கும் இடத்தில், தமிழில், மாதாமாதம் எழுதிப்போடப்படுவதில்லை. ஜப்பானில் விபத்துக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கடல்நீரிலும் மீனிலும் சீசியம் அளந்து பதிந்துவந்தார்கள். எவ்வளவு கூடியது, எப்போது பழைய நிலைக்கு அருகே வந்தது என்று பிறகு சொல்ல முடிந்தது அந்தப் பழைய பதிவுகளால்தான்.

கூடங்குளத்தில் மூன்றாவது முதல் ஆறாவது வரையிலான உலைகள் கட்டப்பட்டு வருகின்றன. அவை ஓடத் தொடங்கும் முன்பே, இடிந்தகரை, கூத்தங்குழி, பெருமணல் கரைகளில் கிடைக்கும் மீனையும் சுற்று வட்டாரத்துப் பாலையும் அளந்து பதியும் ஓர் ஆய்வுக்கூடம், அணுசக்தித் துறைக்கு வெளியே, ஊர்க்காரர்கள் உட்கார்ந்து இயக்கக்கூடியதாக அமைய வேண்டும். தாராச்சினேயின் தாய்மார்கள் கருவியை இயக்கக் கற்றது விபத்து நடந்த பிறகு. இங்கே அதற்கு முன்பே கற்க நேரம் இருக்கிறது.